அம்மா பேசாத திங்கட்கிழமைகள்

இப்போதெல்லாம் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார என்னால் முடிவதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். போன மாதம் அந்தக் கல்யாண மண்டபத்தில் பார்த்தேனே, நம் வயதுக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்து ஆளாளுக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தோம். என் அவஸ்தையைப் பார்த்துவிட்டுப் பேத்தி என் போனில் தியான வகுப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். காலையில் அதிலிருந்து ஒரு பெண் குரல் மூச்சை இழு என்கிறது, விடு என்கிறது, இப்போது மௌனமாக இரு என்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மௌனத்தை ஒரு போன் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பாருங்கள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி பேசாமல் இருக்க ஆசைப்பட்டாள். அவளுக்கு எல்லாம் கொடுத்தோம், அதை மட்டும் கொடுக்கவில்லை.

அவள் என் அம்மா. அந்த ஒரு வருஷத்துக் கதையைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் நான் எங்காவது ஓடினால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. பெரியப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சம்சாரிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்பா அண்ணனோடு மண்டியில் இருந்தார். வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள், மருமகள்கள், மண்டியில் வேலை பார்த்த உறவுக்காரர்கள் சிலர், பிறகு நாங்கள் மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே உலை. சோறு வடிக்கிற பித்தளைக் குண்டானை இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க முடியும். பிற்காலத்தில் அந்தக் குண்டான் எங்கே போனது என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய சாமான் எப்படித்தான் காணாமல் போகுமோ.

அந்த வீட்டில் சத்தம் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அதில் பாதிச் சத்தம் பெரியம்மாவுடையது. விடியற்காலை வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை பேசுவாள். பால்காரனிடம், பூனையிடம், சாமி படத்திடம், ஆள் இல்லாவிட்டால் அடுப்பிடம். அம்மாதான் அவளுக்கு நிரந்தரமாகக் கேட்கிற ஆள். வெங்காயம் உரித்துக்கொண்டே "சரிக்கா, ஆமாங்கக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

பெரியப்பாவோடு அம்மா நேரடியாகப் பேசியதே கிடையாது. அது எங்கள் வீட்டு வழக்கம். தம்பி பெண்டாட்டி மூத்தவர் எதிரில் வந்து நிற்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னிடம் சொல்வாள், நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவள் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். அந்தப் பதிலையும் என்னிடம்தான் சொல்வார். "பாப்பா, சாப்பாடு அப்பறம் ஆவட்டும்னு சொல்லு" என்பார். அம்மாவுக்கும் அவருக்கும் நடுவே ஒரு மரக்கதவும் நானும்தான்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக வந்துவிட்டார்கள். மாடிப்படி வரைக்கும் ஆட்கள் படுத்திருந்தார்கள். மலைமேல் கொப்பரையில் நெய் எரிகிற புகை, தெருவில் சொக்கப்பனை கொளுத்திய வாசனை, வீட்டுக்குள் வடைச்சட்டியின் எண்ணெய்ப் புகை. பந்தியில் அம்மாதான் பரிமாறினாள். எங்கள் சனங்களின் பந்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "போதும்" என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பே கிடையாது. "வேணாம்மா, வேணாம்மா" என்று இலையைக் கையால் மறைத்தால் கை இடுக்கு வழியாகச் சோறு விழும். விழாவிட்டால் மனஸ்தாபம் வரும். முதல் தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை. சொன்னவருக்கு மேலும் போடுவது அதைவிடப் பெரிய மரியாதை. அம்மா அந்தச் சில நாட்களில் எத்தனை ஆயிரம் முறை "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று சொன்னாளோ.

எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு வந்த திங்கட்கிழமை அம்மா பேசவில்லை.

முதலில் கவனித்தது நான்தான். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சர் அடித்ததைச் சொன்னேன். "உம்" கொட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. என் கன்னத்தைப் பிடித்து நேராகத் திருப்பிவிட்டு ரிப்பனைக் கட்டினாள். அன்று முழுக்க எல்லா வேலையும் செய்தாள். மாவு ஆட்டினாள், குண்டானை இறக்கக் கைகொடுத்தாள், மருமகள்களுக்குச் சைகையில் ஏதோ காட்டினாள். சாயந்திரம் விளக்கு வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"பூனைக்குப் பாலு வச்சீங்களா?"

அவ்வளவுதான். மறுபடியும் சாதாரண அம்மா. நான் அவளை உலுக்கினேன். "ஏம்மா பேசல? ஏம்மா?"

"சும்மாதான்டி" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே, விளக்கு வைக்கிறவரை பேச்சில்லை. அதற்கடுத்த வாரமும் அதேதான். எனக்கு நிலைகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து அவளைச் சுற்றிச் சுற்றி வருவேன். கிள்ளிப் பார்ப்பேன். ஒரு தடவை கொல்லையில் நின்று "பாம்பு! பாம்பு!" என்று கத்தினேன். அம்மா பதறித் திரும்பினாள், என் முகத்தைப் பார்த்துத் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்தாள், பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கொல்லைக்குப் போய்விடுவாள். அங்கே அடுப்பெரிக்க மல்லாட்டைத் தோலைக் கோணிப் பையில் கட்டி அடுக்கியிருக்கும். ஒரு பையின்மேல் மலையைப் பார்த்தபடி உட்காருவாள். கண்ணை மூட மாட்டாள், கையில் ஜபமாலை கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அழுது ஓய்ந்து அவள் மடியில் சாய்ந்தேன். எனக்குக் கீழே மல்லாட்டைத் தோல் நொறுங்கியது. கிணற்று ராட்டினத்தில் ஒரு காக்கை அலகைத் தீட்டியது. உள்ளே பெரியம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்தது வேறு யார் வீட்டிலோ நடப்பதுபோல் கேட்டது. அம்மாவின் வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் ஓர் இடத்தில் அசையாமல் கிடந்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வீடு சும்மா இருக்குமா? முதலில் தொண்டையில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அம்மா டாக்டரிடம் தெளிவாகப் பேசிவிட்டு வந்துவிட்டாள். பிறகு யாரோ காத்துக் கருப்பு என்றார்கள். மசூதிப் பக்கம் கூட்டிப் போய் ஓதி ஊதவைத்து அழைத்து வந்தார்கள். இடுப்பில் தாயத்து ஏறியது. அடுத்த திங்கட்கிழமை தாயத்தோடு பேசாமல் இருந்தாள்.

இதில் எனக்கு இப்போதும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. கோயில் வாசலில் ஒரு சாமியார் இருந்தார். பேச்சை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது என்பார்கள். பெரியப்பா மண்டிக்குப் போகிற வழியில் தினமும் அவர் காலில் விழுந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுத்தான் போவார். செங்கம் ரோட்டு ஆசிரமத்தில் வெள்ளைக்காரர்கள் ஏரோப்ளேன் ஏறி வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றியும் வீட்டில் வியந்து வியந்து பேசுவார்கள். அந்த ஊரில் மௌனத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அது வீட்டை விட்டு வெளியேறியவர்களின் சொத்து. கையில் கரண்டியோடு, இடுப்பில் சாவிக்கொத்தோடு, நாலு பேருக்குச் சோறு போட்டுக்கொண்டே ஒருத்தி மௌனமாக இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமியார் பேசாவிட்டால் பழம். அம்மா பேசாவிட்டால் தாயத்து.

பெரியம்மாவுக்குத்தான் கஷ்டம் அதிகம். "ஒருத்தி வாய மூடிக்கினா நான் இன்னா ரெண்டு வாயாலயா பேசறது?" என்று வீடு அதிரக் கேட்பாள். கேட்டுவிட்டு, அம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிடுவாள். மோர்க்காரியை அனுப்புவாள், மருமகள்களை விரட்டுவாள், என்னைக் குளிக்கச் சொல்லுவாள். ஆனால் தெருவில் பேச்சு வேறு மாதிரி கிளம்பியிருந்தது. மூத்தவள் படுத்துகிற பாட்டில்தான் இளையவள் வாயைக் கட்டிக்கொண்டாள் என்று குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து அன்று சோறு தின்னவில்லை. "நான் அவள இன்னா பண்ணேன்? ஒரு வார்த்த சொல்லச் சொல்லு!" என்று என்னைப் பிடித்துக் கேட்டாள். அன்றும் திங்கட்கிழமை. அம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். பெரியம்மா உதறிவிட்டாள்.

இவ்வளவு நடந்தும் அம்மா ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவள் மாறிக்கொண்டிருந்தாள், அதனால்தான். மற்ற நாட்களில் அவளோடு இருந்தவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் எடுத்ததற்கெல்லாம் என் முதுகில் ஒன்று வைப்பாள். அது நின்றிருந்தது. பாத்திரத்தை வைக்கிற கை மெதுவாகிவிட்டது. பெரியம்மா அதே கதையை நூறாவது தடவை சொல்லும்போதும் முதல் தடவை கேட்கிறவள்போல நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நாள் அப்பா அறையில் அவளைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"உனுக்கு இங்க இன்னா கொற? சொல்லேன்."

"ஒரு கொறையும் இல்ல. ஒரு நாளு பேசாம இருந்தா நல்லா இருக்குதுங்க. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

ஆக, அப்பாவுக்குத் தெரியும். இதை மறந்துவிடாதீர்கள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரு பயம் இருந்தது. கீழ்பென்னாத்தூரில் அவருடைய தாய்மாமன் வீட்டில் இப்படித்தான் ஒரு மருமகள் பேச்சை நிறுத்தினாளாம். எங்கள் பக்கத்தில் மருமகள் வாயை மூடினால் தனிக்குடித்தனம் கேட்கிறாள் என்று பொருள். வாய்விட்டுக் கேட்பது கேவலம், அதனால் பேசாமல் இருந்தே கேட்பார்கள். அந்த வீட்டில் பெரியவர்கள் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள். கடைசியில் அண்ணன் தம்பி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று, கோர்ட்டுக்குப் போய், ஒரே கிணற்றில் ஆளுக்கொரு நாள் என்று தண்ணீர் இறைக்கிற நிலைமைக்கு வந்தது. அந்தக் கதி நமக்கு வரக்கூடாது, கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும் என்று பெரியப்பா முடிவு செய்தார். முடிவு செய்ததோடு, அம்மா கோபமாக இருக்கிற நாளிலேயே பேசித் தீர்ப்போம் என்று திங்கட்கிழமையாகவும் பார்த்தார்.

சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாதிரிக்கு வந்த மல்லாட்டையை அப்பா உடைத்து உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

"டேய், செங்கம் ரோட்டு மனையில வீடு கட்டிக்கினு இருக்கோமே, வெள்ளக்காரங்களுக்கு வாடகைக்கு வுடலாம்னு. அத்த நீயே எடுத்துக்க. கீழ நீங்க இருந்துக்குங்க. மேல ரூம வாடகைக்கு வுட்டுக்க. மண்டி எப்பவும்போல ரெண்டு பேருக்கும் பொதுதான்" என்றார் பெரியப்பா.

அப்பா நிமிரவில்லை. "உங்க இஷ்டம்ண்ணா."

"என் இஷ்டத்த வுடு. அந்தப் பொண்ணுக்கு இன்னா இஷ்டம்? தனியா போவணும்னா போவட்டும். அதுக்கு எதுக்கு வாய மூடிக்கினு கஷ்டப்படணும்? கேட்டா குடுக்க மாட்டேனா நானு?"

அப்பா அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவ பேசாதது அதுக்கில்லண்ணா" என்று சொன்னால் போதும். அவர் இன்னொரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். அப்போது எனக்கு அது புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது. அண்ணன் நிழலிலேயே வயதாகிக்கொண்டிருந்த மனுஷனுக்கு ஒரு சொந்த வீடு தானாகக் கைக்கு வருகிறது. அவருக்கு அந்த ஆசை இருந்தது. அதை அவர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அன்று கூடத்தில் நிஜமாகப் பேசாமல் இருந்தவர் அப்பாதான்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கம்மாவக் கேளு. தனி வீடு வேணுமா?"

நான் கதவுப் பக்கம் போனேன். அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தாள். சட்டென்று குனிந்து என் காதில் வாயை வைத்தாள். காலையிலிருந்து பேசாத குரல், காய்ந்துபோய் வந்தது.

"வேணாம்னு சொல்லு. இங்கியே இருக்கேன்னு சொல்லு."

நான் திரும்பிப் பெரிதாகக் கத்தினேன். "வேணாமாம் பெரியப்பா! இங்கியே இருக்காங்களாம்!"

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தியா! பாத்தியா! வீட்டுப் பேச்ச எடுத்த ஒடனே வாயத் தொறந்துட்டா பாரு!"

எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பேசிவிட்டாள், பேசிவிட்டாள் என்று மருமகள்கள் சமையலறைக்கு ஓடினார்கள். நான் பெரியப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "இல்ல பெரியப்பா, நெஜமாவே வேணாமாம்."

"வேணாம்னுதான்டி சொல்லுவா. நல்ல குடும்பத்துப் பொண்ணு வேணும்னு வாயால கேப்பாளா?" என்று என் தலையைத் தடவினார். அவர் உள்ளங்கையில் மல்லாட்டைப் புழுதி வாசம் அடித்தது. அவர் கண் கலங்கியிருந்தது. தம்பி குடும்பத்துக்கு நல்லது செய்துவிட்டோம் என்கிற சந்தோஷம், பிரிகிற துக்கம், இரண்டும் சேர்ந்து. அம்மா இலையை மறைத்தாள், அவள் கை இடுக்கு வழியாக அவர் ஒரு வீட்டையே போட்டுவிட்டார்.

அன்று சாயந்திரம் அம்மா சமையலறையில் பெரியம்மாவிடம் அழுதபடி சொன்னாள், "நான் கேக்கலக்கா. சத்தியமா கேக்கல."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னாத்துக்குமா இதெல்லாம்? எங்க இருந்தாலும் நல்லா இரு" என்றாள். பெரியம்மா இரண்டே வாக்கியத்தோடு நிறுத்தியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வைகாசியில் பால் காய்ச்சினோம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முள்ளுக் காட்டுக்கும் ஆசிரமத்துக்கும் நடுவே இருந்தது புது வீடு. மொசைக் தரை. வீட்டுக்குள்ளேயே குழாய். கேஸ் அடுப்பு. அமுக்கினால் குருவிபோல் கத்துகிற காலிங் பெல். அப்பா வந்த புதிதில் சாயந்திரமே வீட்டுக்கு வந்து ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்து அணைப்பார். குழந்தை மாதிரி இருக்கும் அவர் முகம். நானும்தான் குதித்தேன், பொய் சொல்வானேன். எனக்கென்று ஒரு ஜன்னல் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி இருந்தது. தேரடி வீட்டுக் கொல்லையில் தெரிந்த மலை அகலமாக உட்கார்ந்திருக்கும். இது ஒற்றையாக எழுந்து நின்றது.

கேஸ் அடுப்பு நீலமாக எரிந்தது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. முதல் திங்கட்கிழமை நான் அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். விடுமுறை நாள்தான். காலையில் வாயை மூடினாள். கொஞ்ச நேரத்தில் குருவி கத்தியது. பால்காரன். எத்தனை லிட்டர் என்று கேட்டான். அம்மா விரலைக் காட்டினாள். நாளைக்கும் அதேவா, பணம் வாரத்துக்கா மாசத்துக்கா, பெரிய வீட்டுக்கும் நான்தான் ஊத்தறேன், அங்க சொல்லணுமா என்று கேட்டுக்கொண்டே போனான். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அவளே பதில் சொன்னாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கேஸ்காரன். அதற்கடுத்து, தண்ணீர் வரவில்லை என்று குழாய் ரிப்பேர் செய்கிறவர். பிறகு ரோட்டில் வழி கேட்கிறவர்கள், அறை காலியா என்று கேட்கிறவர்கள். தேரடி வீட்டில் வாசலில் யார் நின்றாலும் பதில் சொல்ல ஒரு டஜன் வாய்கள் இருந்தன. அத்தனை பேர் பேசியதால்தான் ஒருத்தி அங்கே பேசாமல் இருக்க முடிந்தது. தனி வீட்டில் அப்பா மண்டிக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் அந்த வீட்டின் ஒரே வாய் அம்மாதான். எங்களில் ஒருவருக்காவது இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

மேல் அறைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா குடிவந்தாள். அவள் மௌனம். கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருப்பாள், அது தொங்கினால் யாரும் தட்டக்கூடாது. அந்த அட்டையைக் காப்பாற்றுவதும் அம்மாவின் வேலையாகிவிட்டது. உப்பு விற்பவன் வந்தால் ஓடிப் போய், "கத்தாதப்பா, மேல அவங்க தியானத்துல இருக்காங்க" என்பாள். சாணை பிடிப்பவனை அடுத்த தெருவுக்கு அனுப்புவாள். மேலே ஒருத்தி பேசாமல் இருப்பதற்காகக் கீழே அம்மா நாள் முழுக்கப் பேசினாள்.

அவள் குரல் மாறியது. கம்மிப்போய், சில நேரம் கீச்சென்று. அடுப்பிடம் பேசினாள், சுவரிடம் பேசினாள், யாரும் இல்லாதபோதும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு அறைக்கு அறை நடந்தாள். கை மறுபடியும் வேகமாகிவிட்டது. பென்சிலைத் தொலைத்ததற்கு என் முதுகில் பழையபடி ஒன்று விழுந்தது. அடித்துவிட்டு அவளே தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவுக்கு மட்டும் நிம்மதி. பெரியப்பா பார்க்க வந்தபோது, "தனியா வந்ததுல எல்லாம் சரியாப்போச்சுண்ணா. இப்ப நல்லா கலகலன்னு பேசறா" என்று சொன்னார். பெரியப்பா கைகூப்பி மலையைப் பார்த்தார். உள்ளே அம்மா காபி டம்ளரை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. எனக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா அன்று மறுபடியும் முயற்சி செய்தாள். அதற்கு முந்தைய சில வாரங்கள் விட்டுவிட்டிருந்தாள். அன்று என்னவோ காலையிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பின்கட்டுப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாளே ஒழிய, உடம்பு நிற்கவில்லை. எந்த நேரமும் பெல் அடிக்கும் என்று காது வாசலிலேயே இருந்தது.

பெல் அடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு பெரியம்மா வந்தாள். பால் காய்ச்சிய நாளுக்குப் பிறகு அவள் அந்த வீட்டில் கால் வைத்ததில்லை. இடுப்பில் ஒரு தூக்கு. "அம்மனுக்குக் கூழ் ஊத்தனோம். புள்ளைக்காவ எடுத்தாந்தேன். வேற யாருக்காவயும் இல்ல" என்று வாசலிலிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்கட்டில் அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னா, வந்தவள வான்னு சொல்ல மாட்டியா?"

அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். உதட்டை அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

பெரியம்மா அவளையே பார்த்தாள். "இன்னிக்கு திங்கக்கெழமயா?" என்றாள். பிறகு அவள் குரல் அடங்கியது. "இங்க வந்துமா? இங்க யாரு இருக்கா உனுக்கு? யாரு மேல கோவம்?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பளபளவென்ற தரை, துடைத்த அடுப்பு, காலி நாற்காலிகள், போர்வைக்குள் நான். கோபித்துக்கொள்ள அங்கே ஒரு ஆள் கிடையாது. பெரியம்மா மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப எம்மேல இல்லியா?"

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்தது.

அப்போதுதான் குருவி கத்தியது. அம்மா திடுக்கிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தாள். பெரியம்மா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ உக்காரு. நான் இன்னா செத்தா போய்ட்டேன்?"

வாசலில் கேஸ்காரன். "வீட்டுக்காரம்மா இல்லீங்களா?" என்றான்.

"இருக்கா. இன்னிக்குப் பேச மாட்டா. இன்னா வேணும்னு எங்கிட்ட சொல்லு."

அவனை அனுப்பிவிட்டு அவள் உள்ளே வருவதற்குள் கீரைக்காரி. கீரைக்காரி ஊர்க் கதை பேசி முடிக்கும்போது மேலிருந்து வெள்ளைக்கார அம்மா இறங்கி வந்து, வாளி வேண்டும் என்று கையைக் காட்டினாள். பெரியம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவளிடம் நெடுநேரம் பேசினாள். வாளி ஓட்டை, ஈயம் வெச்சு அடைக்கணும், உங்க ஊர்ல ஆத்தா அப்பன் இருக்காங்களா, இப்படி எலும்பா இருக்கியே, கூழ் குடிக்கிறியா என்றாள். வெள்ளைக்கார அம்மா கைகூப்பிச் சிரித்துவிட்டு மேலே போனாள்.

"இதுவும் பேசாதா?" என்று பெரியம்மா என்னிடம் வந்து கேட்டாள். "நல்ல வூடுடா சாமி!"

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் அவள் குரல் ஓயவில்லை. காய்ச்சலோடு படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பின்கட்டில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலையில் இருந்த இறுக்கம் முதுகில் இல்லை. என் மனசும் கொஞ்சம் அடங்கித் தூங்கிப்போனேன்.

நான் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரியம்மா டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பித் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"வர்ற திங்கக்கெழமயும் வருவேன். உனுக்காவன்னு நெனச்சிக்காத. நீ போன பொறவு அங்க எம்பேச்சக் கேக்க ஒரு ஆளு கெடையாது. ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லுதுங்க."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பெரியம்மா சட்டென்று ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"பேசாத. இன்னும் வெளக்கு வெக்கல."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டில் போன யாரையோ கூப்பிட்டுப் பேசிக்கொண்டே போனாள்.